அப்பளக்காரம் ஊறிய கை

படிக்காதவன் உளறினால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். தெரியாமல் பேசுகிறான், பாவம். எல்லாம் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அவனைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹைதராபாத் மௌலா அலியில் எங்கள் கீழ்வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு வந்த கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கீழே இருப்பது வீட்டுக்கார அம்மாள் லலிதாம்பாளும் அவள் குடும்பமும். வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்குச் சிகந்தராபாத் வந்த முதலியார் குடும்பம். அந்தம்மாள் தமிழ் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு உருது வந்து விழும்: வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ். திருநெல்வேலிக்காரி எனக்கு முதலில் பாதி புரியவில்லை. இப்போது நானே காய்கறிக்காரனிடம் நக்கோ என்கிறேன்.

லலிதாம்பாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி சாந்தா, கல்லூரியில் படிக்கிற மகள் ஸ்ரீலேகாவோடு அந்த வீட்டிலேயே இருக்கிறாள். இளையவன் சந்திரமோகன் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் பெரிய உத்தியோகம். மாத்திரைக்குள் போகிற ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, சரி தப்பு சொல்கிற வேலை. அவன் மனைவி வித்யாலட்சுமி பேங்கில் வேலை. ஆக வீட்டில் சமையல், துணி, மாமியாருக்குக் கால் பிடிப்பது எல்லாம் சாந்தா தலையில். அது போதாதென்று அப்பளமும் போட்டு விற்றாள்.

அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? உளுந்து மாவைச் சலித்து வைத்துக்கொண்டு, அப்பளக்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு இறுத்து, பெருங்காயம் உப்பு சேர்த்து அந்தத் தண்ணீரை விட்டுத்தான் மாவு பிசைய வேண்டும். காரம் குறைந்தால் அப்பளம் பொரியாது, கூடினால் நாக்கில் சோடா மாதிரி நிற்கும். பிசைந்த மாவைக் கல்லில் போட்டு எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். சாந்தா பின்கட்டில் நின்று இடித்தால் மாடியில் என் டம்ளர் அதிரும். அப்புறம் உருட்டி, வட்டம் வட்டமாக இட்டு, மொட்டை மாடியில் துணி விரித்து, மேலே இன்னொரு துணி கட்டி, மௌலா அலி வெயில் நேரே படாமல் அந்த நிழலில் காய வைக்க வேண்டும். மே மாதத்தில் அங்கே மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அவள் நிற்பாள்.

அந்தக் காரம் இருக்கிறதே, தோலைத் தின்றுவிடும். அவள் உள்ளங்கை ரேகை ரேகையாக வெடித்து வறண்டு கிடக்கும். எத்தனை முறை தண்ணீர் விட்டு அலம்பினாலும் அந்த வெடிப்புக்குள் வழுவழுவென்று ஏதோ நிற்பதாகச் சொல்வாள். நான் தேங்காய் எண்ணெய் கொடுப்பேன். "இதுல்லாம் ஒண்ணும் நிக்காதுக்கா, நாளைக்கே மறுபடி காரத்துல கை வெக்கணும்" என்பாள்.

அவள் அப்பளத்துக்குக் குஷாய்குடாவிலும் குகட்பள்ளியிலும் தமிழ் வீடுகளில் நல்ல பெயர். வெயில் காலத்தில் வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி டின்னில் அடைத்து வைப்பார்கள். மகள் படிப்பு அதில்தான் ஓடியது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. கணவன் போன பிறகு அவள் யார் என்று கேட்டால், "அப்பளம் போடுவாங்களே சாந்தா, அவங்க" என்று ஊரில் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில்தான் போகப் பார்த்தது.

லலிதாம்பாளின் இரட்டைவடச் சங்கிலி காணோம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கழற்றச் சொன்னார்களாம். வித்யாலட்சுமிதான் வாங்கி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் திருப்பி மாமியார் பீரோவில் வைத்துவிட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். வைக்கவே இல்லை என்று மாமியார். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரம் சாதாரணமாக வைக்கப்படவில்லை, எல்லாம் டங் டங் என்றுதான் விழுந்தது.

"போலீஸ் கீலீஸ் எனக்கு நக்கோ," என்றாள் லலிதாம்பாள். "வீட்டு மானம் ஸ்டேஷன் வரைக்கும் போகணுமா? எங்க மாமியார் காலத்துலேர்ந்து நம்ம வீட்ல மஞ்சள் வெக்கறதுதான். வெள்ளிக்கிழம வெப்போம். அம்மன் யாரு கைன்னு சொல்லிடுவா."

அது என்ன வழக்கம் என்றால், அம்மன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து வைப்பார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக உள்ளங்கையை மஞ்சளில் அழுத்தி எடுத்து, அம்மன் பார்க்கக் காட்ட வேண்டும். எடுத்தவன் கை சிவந்துபோகும். எடுக்காதவன் கை மஞ்சளாகவே இருக்கும். இதுவரை தப்பியதே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கும் அழைப்பு வந்தது. மாடிப்படி கீழே நின்று லலிதாம்பாள் கூப்பிட்டாள். "தப்பா நெனைக்காதீங்க மாடிக்காரம்மா. நீங்களும் வந்து போறவங்க. கை வெச்சுட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆவக்காய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். போகாவிட்டால் நான்தான் எடுத்தேன் என்று ஆகிவிடுமே.

முதலில் லலிதாம்பாள் வைத்தாள், மஞ்சள். பிறகு சந்திரமோகன், மஞ்சள். குளித்த ஈரத்தலையோடு வித்யாலட்சுமி, மஞ்சள். ஸ்ரீலேகா கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள், மஞ்சள். நான் வைத்தேன். என் கை சாமந்திப்பூ மாதிரி பளிச்சென்று இருந்தது. லலிதாம்பாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டாள்.

"சாந்தா! எவ்ளோ நேரம்?"

பின்கட்டில் உலக்கைச் சத்தம் நின்றது. அவள் கையைத் தண்ணீரில் அலம்பி உதறிக்கொண்டே வந்தாள். நெற்றியில் வியர்வை, முந்தானையில் மாவு. அம்மனைக் கும்பிட்டாள். உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள்.

அவள் அதைத் தூக்கிக் காட்டுவதற்குள்ளேயே ரேகைகள் சிவந்துவிட்டன. பிறகு விரல் நுனி. பிறகு கை முழுக்க, வெற்றிலை போட்ட வாய் மாதிரி. கற்பூரம் அணைந்து புகைந்தது.

"நான் எடுக்கல அத்தை," என்றாள் சாந்தா. கையைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னாள், கீழே போடத் தெரியாமல்.

"பெரிய மருமக நீ. உன்ன நான் வெளிய போன்னு சொல்லமாட்டேன். எங்க வெச்சிருக்கன்னு மட்டும் சொல்லிடு."

"சத்தியமா எடுக்கல அத்தை."

"அப்ப அம்மன் பொய் சொல்றாளா? ஏன் அழுவற? அழுதா ஆயிடுமா?"

ஸ்ரீலேகா நடுவில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது, படித்த தெலுங்குதான் வரும். "மா அம்மா தொங்க காது பாட்டி!" என்று கத்தினாள். எங்கம்மா திருடி இல்லை என்று. கத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் தன் சுடிதார் துப்பட்டாவில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். துப்பட்டாவும் சிவந்தது.

நான் சந்திரமோகனைப் பார்த்தேன். குடும்பத்தில் ஒரே ஆண், ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். "சரி விடும்மா, ஆபீசுக்கு நேரமாச்சு," என்றான். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டு மானம் ஸ்டேஷன் வரைக்கும் போகணுமா என்றாளே லலிதாம்பாள், மறுநாளே போனில் சொல்லியிருக்கிறாள். ஒருத்தியிடம் சொன்னால் போதாதா? குஷாய்குடாவில் திருநாவுக்கரசு என்று என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர், அவர் மனைவி அன்னம்மாள்தான் சாந்தாவுக்கு எப்போதும் முதல் ஆர்டர் கொடுப்பவள். அவள் போன் செய்தாள், இந்த வருஷம் வேண்டாம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று. குகட்பள்ளியில் ஒரு வீடு, அங்கேயும் டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த வாரம் ஹைதராபாத்தில் இருக்கிற டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து தமிழர்கள் அப்பளம் தின்னக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆக்கங்கெட்டவர்கள்! வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே.

வீட்டிலும் சொல்லாமல் சொன்னார்கள். பூஜை அறைக்குப் பூட்டு வந்தது. சாந்தா வடித்த சோற்றைச் சாப்பிட்டார்கள், அவள் துவைத்த துணியைக் கட்டினார்கள், அவள் ஒரு அறைக்குள் போனால் மட்டும் வித்யாலட்சுமி பின்னாலேயே எதையோ தேடுகிற மாதிரி வந்து நின்றாள்.

இதெல்லாம்கூட எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஒரு மத்தியானம் சாந்தா மாடிக்கு வந்தாள். காய வைக்க அப்பளம் இல்லை, சும்மா வந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, என்னிடம் கேட்டாள்.

"அக்கா, எனக்கே தெரியாம எடுத்திருப்பேனாக்கா?"

"என்னது?"

"தூக்கத்துல கீக்கத்துல. எம் பெட்டியெல்லாம் கொட்டிப் பாத்துட்டேன். அரிசி டின்னுக்குள்ளகூட கை விட்டுப் பாத்துட்டேன். அம்மன் சும்மா சொல்லமாட்டாளேக்கா. எல்லார் கையும் மஞ்சளா இருந்துச்சு. என்னது மட்டும் செவந்துச்சு. நான் என்னமோ பண்ணியிருக்கேன்."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? எடுக்கலன்னா எடுக்கலதான்."

"மனசுல நெனச்சிருப்பேனோ என்னவோ. அந்தச் சங்கிலியப் பாத்து, ஸ்ரீலேகா கல்யாணத்துக்கு இப்படி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு ஒருநாள் நெனச்சேன். அதுக்கே செவக்குமாக்கா?"

பழி போட்டவர்களை விடுங்கள். எடுக்கவே எடுக்காத ஒருத்தி தன் அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறாள். ஒரு மனுஷியை இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் கையும் மஞ்சளாகத்தானே இருந்தது. அம்மன் மேல் எனக்கும் பயம் உண்டு.

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பெண் பிரசவமாகிக் குழந்தையோடு வந்து வாசலில் நிற்கிறாள், ஆரத்தி கரைத்துத் தாருங்கள் என்று ஓடி வந்தார்கள். தட்டில் தண்ணீர் விட்டேன். மஞ்சளைப் போட்டேன். சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் கரைத்தேன். தண்ணீர் குங்குமமாகச் சிவந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். குழந்தை வாசலில் அழுகிறது, அவர்கள் கூப்பிடுகிறார்கள், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். கல்யாணம், காதுகுத்து, பிரசவம் என்று நான் கரைக்காத ஆரத்தியா? லலிதாம்பாள் கரைக்காததா? சாந்தா கரைக்காததா? அன்றைக்கு அந்த அறையில் நின்ற அத்தனை பொம்பளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஒருத்திக்காவது தோன்றவில்லையே! ஆரத்தித் தட்டில் சிவந்தால் மங்களம், சாந்தா கையில் சிவந்தால் திருட்டு. நான் மாங்காய் நறுக்கிய கையோடு போனேன், உத்தமி ஆனேன். அவள் காரம் பிசைந்த கையோடு வந்தாள், திருடி ஆனாள்.

ஆரத்தியைச் சுற்றிக் கொட்டிவிட்டு, என் வீட்டில் சாந்தா கொடுத்து வைத்திருந்த அப்பளக்காரத்தில் ஒரு சிட்டிகை கரைத்து உள்ளங்கையில் தடவி, மஞ்சளைத் தொட்டுப் பார்த்தேன். அதே சிவப்பு.

அப்போதுதான் சந்திரமோகன் ஞாபகம் வந்தது. எனக்கே தெரிகிறது என்றால், தினமும் லேபில் இதே வேலையைப் பார்க்கிறவனுக்கு?

ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். நேரே போய் நின்றேன்.

"ஏய்யா, ஒண்ணு கேக்கேன். மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும். அப்பளக்காரம் பட்டா?"

குழாயை மூடினான். என்னைப் பார்க்காமல் பதில் சொன்னான். "அதுவும் செவக்கும் ஆன்ட்டி."

"ஏன்?"

"அப்பளக்காரம் ஒரு பேஸ். சுண்ணாம்பு, சலவைச் சோடா, சோப்பு எல்லாம் அந்த வகைதான். மஞ்சள்ல இருக்கற சாயம் அது பட்டா செவப்பாயிடும். ஆசிட் பட்டா மாறாது, மஞ்சளாவே இருக்கும். எலுமிச்சம்பழம், புளி, மாங்கா இதுல இருக்கறதெல்லாம் ஆசிட்தான். செவந்தது மேலயே எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும். ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிடும். இதுக்கு லேப்ல பேப்பர் வெச்சிருக்கோம், முக்கினா நிறம் மாறும். மஞ்சளும் அந்த மாதிரிதான்." பள்ளிக்கூடப் பையன் மாதிரி அழகாக ஒப்பித்தான்.

"அப்ப அன்னைக்கே உனக்குத் தெரியும்."

கார்க் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினான்.

"உன் பொண்டாட்டி சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தானய்யா நேரா வந்தா? சோப்பும் அந்த வகைதான்னு சொல்லுத. அவ கை ஏன் செவக்கல?"

வாளியில் துணியைப் போட்டு எடுத்தான், பிழிந்தான், மறுபடி போட்டான்.

"எலுமிச்சம்பழம் தேச்சுக்கச் சொன்னேன்," என்றான். "நானும் தேச்சுக்கிட்டேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சாமி சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தான் என்று கேட்கத்தான் போனேன். தெரிந்து, முன்கூட்டியே தனக்கும் தன் பெண்டாட்டிக்கும் மட்டும் வழி செய்துகொண்டவன் முன்னால் நிற்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணிக்கு ஏன்யா குடுக்கல?"

"அவங்க பின்னாடி வேலையா இருந்தாங்க."

"பின்கட்டுக்கு விசா வாங்கணுமோ? நாலு எட்டு வச்சு ஒரு துண்டு பழத்த குடுத்தா தேஞ்சா போயிருவ?"

"ஆன்ட்டி, மெதுவா." உள்ளே பார்த்துக்கொண்டான். "உங்களுக்கு எங்கம்மாவத் தெரியாது. யாராவது ஒருத்தர் கை செவக்காம அவங்க விடமாட்டாங்க. எல்லாம் மஞ்சளா இருந்தா, செயின வாங்கி வெச்சது வித்யாதான, அவளத்தான் தினம் குத்திக்கிட்டே இருப்பாங்க. அவ கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவா. அண்ணின்னா பொறுத்துப்பாங்க. அவங்க எங்க போகப்போறாங்க?"

எங்கே போகப்போகிறாள்! போக இடமில்லாதவள் என்பதால்தான் பழி அவள் கையில்.

"நீயே உங்கம்மாகிட்டயும் உங்க அண்ணிகிட்டயும் சொல்லிரு. நீ சொன்னா மரியாத. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன் ஆன்ட்டி. அம்மாவுக்கு பிபி கொஞ்சம் எறங்கட்டும்."

அந்த பிபி இறங்கவே இல்லை. நானும் பார்த்துப் பார்த்து அலுத்து, சாந்தாவை மாடிக்குக் கூப்பிட்டேன். அவள் கண் முன்னாலேயே காரத் தண்ணீர், மஞ்சள், சிவப்பு. அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். என் கையில் சிவப்பு கரைந்து மஞ்சள் திரும்பி வந்தது. அவள் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி செய்து காட்டச் சொன்னாள், காட்டினேன். அவள் முகம் தெளிந்தது.

"அப்ப நான் எடுக்கல," என்றாள், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

அவள் எழுந்து போயிருந்தால் அதோடு விட்டிருப்பேனோ என்னவோ. உட்கார்ந்தே இருந்தாள். "அக்கா, இதெல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியுமா? நம்ம தம்பிக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். கொழுந்தனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவன் காலேஜ் போகிற காலத்தில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள் இவள்தான்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எலுமிச்சம்பழக் கதையை முழுதும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அவரே சொல்லட்டும்க்கா. நான் கேக்கமாட்டேன். அவரே சொல்றாரான்னு பாக்கறேன்."

பிறகும் தினம் காலையில் உலக்கைச் சத்தம் கேட்டது. வாங்க ஆளில்லாத அப்பளம் மொட்டை மாடி முழுக்கக் காய்ந்தது.

சங்கிலி கிடைத்துவிட்டது. வித்யாலட்சுமியின் கைப்பைக்குள் உள்துணி கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாக அடியில் இறங்கிக் கிடந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த அன்று போட்டது அங்கேயே கிடக்க, பீரோவில் வைத்ததாக அவளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். பையைக் கழுவப் போடுகிறபோது கனமாக இருக்கிறதே என்று பார்த்தாளாம்.

வீட்டில் கேசரி கிண்டினார்கள். கிண்டியது யார் என்று சொல்ல வேண்டுமா? எனக்கும் ஒரு கிண்ணம் கொடுக்க லலிதாம்பாள் கூப்பிட்டாள். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சங்கிலி அந்தம்மாள் கழுத்தில் மறுபடி ஏறியிருந்தது.

"அம்மன் காட்டிக் குடுத்துட்டா பாருங்க மாடிக்காரம்மா."

"அப்ப சாந்தா எடுக்கலதானே?" என்றேன்.

"ஹவ், எடுக்கல. யாரு எடுத்தான்னு சொன்னா? ஆனா மஞ்சள் சும்மா செவக்காது. அவளுக்கு வேற ஏதோ தோஷம் இருக்கு. ஆடி வெள்ளிக்குக் கோவில்ல ஒரு பரிகாரம் பண்ணிட்டா சரியாயிடும். நானே கூட்டிட்டுப் போறேன்." பெரிய மனசு பண்ணிச் சொல்கிறாள்!

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சாந்தா கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தம்பி," என்றாள். "என் கை ஏன் செவந்துச்சு?"

சந்திரமோகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அதான் கெடச்சிடுச்சே அண்ணி. விடுங்க."

"கெடச்சது சங்கிலி. நான் கேக்கறது வேற. ஏன் செவந்துச்சு?"

வித்யாலட்சுமி உள்ளே நழுவப் பார்த்தாள். ஸ்ரீலேகா கதவில் சாய்ந்துகொண்டு வழியை அடைத்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் முறைத்த முறைப்பில் வேறு வழி இல்லை என்று தெரிந்திருக்கும்.

"அப்பளக்காரத்தால," என்றான்.

லலிதாம்பாளுக்குப் புரியவில்லை. அவன் விளக்க வேண்டியதாயிற்று. ஆரத்தி, சுண்ணாம்பு, காரம், எல்லாம் சொன்னான். எலுமிச்சம்பழத்தையும் சாந்தா அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். லலிதாம்பாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு எப்பலேர்ந்துடா இது தெரியும்?"

"ஒம்பதாங்கிளாஸ்ல படிச்சதும்மா."

"ஒம்பதாங்கிளாஸா?" அந்தம்மாள் முகம் வெளிறிப்போனது. "அப்ப மல்லம்மா? முன்னாடி நாம இருந்த லாலாகுடா வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தாளே. வெள்ளி டம்ளர் காணோம்னு சுண்ணாம்புக் கையோட கூப்ட்டு வெச்சு மஞ்சள் வெச்சோமே. கைக்கொழந்தையோட தெருவுல நிறுத்தினோமே. நீ அப்ப காலேஜு போய்ட்டிருந்தடா!"

அவன் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கும் பேசாமத்தான் நின்னியா?"

லலிதாம்பாள் சங்கிலியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அந்தம்மாள் மேல் அத்தனை நாள் இருந்த ஆத்திரத்தில் பாதி அப்போது போய்விட்டது. மீதியும் சேர்ந்து அவன் மேல் ஏறியது.

"சாந்தா, எங்கயும் போயிடாதடி," என்றாள் கிழவி, குரல் உடைந்து.

"நான் ஏன் அத்தை போகணும்? எம் புருஷன் வீடு இது." சாந்தா உள்ளே போய், காய்ந்த அப்பளக் கட்டுகளை இரண்டு பெரிய பையில் அடுக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். புடவையைக்கூட மாற்றவில்லை. "தம்பி, வண்டிய எடுங்க. குஷாய்குடா மொதல்ல, அப்பறம் குகட்பள்ளி. அத்தை யார் யாருக்குப் போன் பண்ணாங்களோ அத்தனை வீட்டுக்கும் போகணும். என்ன நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க."

"போன்ல சொல்லிடறேனே அண்ணி. வாட்சாப்ல எல்லாருக்கும் ஒரே மெசேஜா..."

"எம் மூஞ்சிய அவங்க பாக்கணும். உங்க மூஞ்சியையும் பாக்கணும்."

நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், யாரும் கூப்பிடாமலே. மத்தியான வெயிலில் ஏசி போட்டும் அவனுக்கு வியர்த்து வழிந்தது.

அன்னம்மாள் கதவைத் திறந்தாள். சாந்தாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பின்னால் சந்திரமோகன் நிற்பதைப் பார்த்துக் குழம்பி, உள்ளே வாங்க என்று சொல்லவா வேண்டாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து திருநாவுக்கரசும் யார் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் சாந்தா.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆன்ட்டி, அன்னிக்கு எங்க வீட்ல அந்த மஞ்சள் விஷயம்... ஆக்சுவலா அது ஒரு கெமிக்கல் ரியாக்‌ஷன். மஞ்சள் ஒரு இண்டிகேட்டர் மாதிரி. அப்பளக்காரம் பேஸ்ங்கறதால, அது கையில பட்டிருந்தா என்னாகும்னா..."

ஆசிட் என்ன, பேஸ் என்ன என்று கையை ஆட்டி ஆட்டி நீட்டிக்கொண்டே போனான். அன்னம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். சாந்தா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் அப்பறம் சொல்லலாம் தம்பி," என்றாள். "உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ங்கறத மொதல்ல சொல்லுங்க."